புறக்கோட்டையில் கிடைத்த ஒரு ஃபிளின்ட்: கொழும்பில் எந்தப் பொம்மை அரியது?

கடலோரம் (வெள்ளவத்தை)

சென்ற ஞாயிற்றுக்கிழமை காலை புறக்கோட்டையில், நடைபாதையில் பழைய சாமான் விரிக்கும் ஒருவர் முன்னால் நின்றேன். வேலை செய்யாத ரிமோட்டுகள், ஒற்றைச் சப்பாத்துகள், ஒரு குத்துவிளக்கின் அடிப்பாகம். அவற்றின் நடுவே துருப்பிடித்த பிஸ்கட் டின் ஒன்று. அதற்குள் சோழிகள், கடிகாரப் பட்டி, சில சதுரங்கக் காய்கள். எல்லாவற்றுக்கும் அடியில் ஒரு சிறிய மனிதன். தலையில் கறுப்புத் தொப்பி. கைகள் பத்திரமாக இருந்தன, கால்கள் மட்டும் இடுப்பிலிருந்து தளர்ந்து தொங்கின. பார்த்தவுடனே தெரிந்துவிட்டது: அமெரிக்க ஹஸ்ப்ரோ நிறுவனத்தின் ஜி.ஐ. ஜோ போர்வீரர் பொம்மை வரிசையின் ஃபிளின்ட், 1985இல் வந்தவர். வியாபாரி இருநூறு ரூபா கேட்டார். பேரம் பேச எனக்கு மனம் வரவில்லை.

வீட்டுக்கு வந்து பல் தேய்க்கும் தூரிகையால் மெதுவாகத் துடைத்தபோதுதான் சந்தேகம் எழுந்தது. சட்டையின் பச்சை, படங்களில் நான் பார்த்திருக்கும் அமெரிக்கப் பச்சை அல்ல. வெளிறியது என்றும் சொல்ல முடியாது, ஏனென்றால் தோள் மடிப்புக்குள், வெயில் படாத இடத்திலும் அதே பச்சைதான். காற்சட்டையின் புள்ளிகளும் கொஞ்சம் அவசரமாகத் தீட்டியவை போல இருக்கின்றன. முதுகுத் திருகாணி துருவேறி, அந்தத் துரு இடுப்பு வரை வழிந்து, அங்கே பொறித்திருக்கும் எழுத்துகளை மறைத்துவிட்டது.

இது இந்தியாவின் ஃபன்ஸ்கூல் பொம்மை நிறுவனத்தின் தயாரிப்பா? அப்படியானால் இது அரியதா? இன்னொரு கேள்வியும் மனதில் இருக்கிறது. உலகப் பட்டியல்களில் 'அரியது' என்று போட்டிருப்பவை ஒன்று. கொழும்பில் நாம் தேடித் தேடியும் கிடைக்காதவை வேறு. உங்களுக்கு இங்கே கிடைக்காமலே போனது எது?

மூன்றேமுக்கால் (கொட்டாஞ்சேனை)

தம்பி, முதலில் ஒரு வேண்டுகோள். அந்தத் திருகாணியை இன்றிரவே திறந்துவிடாதீர்கள். துருவேறிய திருகாணியைப் பலமாகத் திருப்பினால் அதன் தலை மழுங்கிவிடும், அல்லது முதுகுப் பிளாஸ்டிக் வெடிக்கும். தையல் இயந்திர எண்ணெய் ஒரே ஒரு துளி, பல்குத்தும் குச்சி நுனியால் வைத்து இரண்டு நாள் விடுங்கள். கைகளில் துப்பாக்கி எதையும் திணித்துப் பார்க்கவும் வேண்டாம். இந்த வரிசையில் முதலில் முறிவது பெருவிரல்தான்.

உங்கள் ஊகம் சரியாக இருக்கலாம். ஃபன்ஸ்கூல் 1987இல் தொடங்கியது, டயர் செய்யும் எம்.ஆர்.எஃப்.பும் ஹஸ்ப்ரோவும் சேர்ந்து. ஹஸ்ப்ரோவின் வார்ப்பச்சுகள் இந்தியாவுக்குப் போயின. அச்சு அதேதான், ஆனால் பிளாஸ்டிக் வேறு, சாயம் வேறு. ஒரு தொகுதியில் இருந்த பச்சை அடுத்த தொகுதியில் இருக்காது. அதனால்தான் ஒரே உருவத்தில் இத்தனை நிறபேதங்கள். அமெரிக்காவில் அச்சை ஓரங்கட்டிப் பல ஆண்டுகள் கழிந்த பிறகும் இந்தியாவில் அதே உருவம் கடையில் தொங்கியது. அமெரிக்கச் சேகரிப்பாளர்கள் அவற்றை இப்போது ஒவ்வொன்றாகத் தேடுகிறார்கள்.

எனக்கு ஒரு வருத்தம் இருக்கிறது. தொண்ணூறுகளில் காலி வீதிக் கடையொன்றில் அப்பா எனக்கு இந்தியத் தயாரிப்பு ஒன்று வாங்கித் தந்தார். பள்ளிக்கூடத்தில் ஒருவனிடம் சிங்கப்பூரிலிருந்து வந்த 'ஒரிஜினல்' இருந்தது. அதன் பக்கத்தில் என்னுடையதை வைக்க வெட்கப்பட்டு, ஒரு கிரிக்கெட் பந்துக்கு மாற்றிக்கொண்டேன். அந்த வெட்கத்தில் இந்த நகரத்தில் எத்தனை உருவங்கள் குப்பைக்குப் போயிருக்கும் என்று அடிக்கடி நினைப்பதுண்டு.

பழஞ்சாமான் (தெஹிவளை)

கடலோரத்தின் இரண்டாவது கேள்விக்கு என் பதில்: ஜாவா. ஸ்டார் வோர்ஸ் திரைப்படத்தில் வரும் ஜாவா என்ற பாத்திரத்தின் பொம்மை, கெனர் நிறுவனம், 1978, வினைல் போர்வையோடு.

தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். ஜாவா மற்ற உருவங்களைவிடக் குள்ளம், விலை மட்டும் அதேதான். முதலில் வந்தவற்றுக்கு மெல்லிய வினைல் போர்வை போட்டிருந்தார்கள். பார்ப்பதற்கு மலிவாகத் தெரிந்ததால் சீக்கிரமே துணி அங்கிக்கு மாற்றிவிட்டார்கள். துணி ஜாவா உலகெங்கும் இருக்கிறது, வினைல் ஜாவா சொற்பம். இதில் உள்ள ஆபத்து என்னவென்றால் அதே படத்தின் இன்னொரு பாத்திரமான பென் கெனோபியின் அக்காலப் பொம்மைக்கும் வினைல் போர்வைதான். அதை வெட்டிச் சிறிதாக்கி ஜாவாவுக்குப் போர்த்தி விற்பவர்கள் நாற்பது ஆண்டுகளாக இருக்கிறார்கள். வெட்டிய ஓரத்தைப் பார்க்க வேண்டும், கை நுழையும் துளையைப் பார்க்க வேண்டும், நிறத்தைப் பக்கத்தில் வைத்து ஒப்பிட வேண்டும். படத்தை மட்டும் நம்பி ஒரு சதமும் அனுப்பாதீர்கள்.

பணத்தில் உச்சம் என்றால் ராக்கெட் ஏவும் போபா ஃபெட், அதுவும் ஸ்டார் வோர்ஸ் பாத்திரம். 1979இல் பொம்மைகளைப் பொதித்த அட்டைகளின் பின்புறத்தில் விளம்பரம் செய்தார்கள்: வாங்கியதற்கான சான்றுகள் நான்கை அனுப்பினால் தபாலில் வரும், முதுகிலிருந்து ராக்கெட் பாயும். அதற்குள் வேறொரு நிறுவனத்தின் பொம்மை ஏவுகணையை விழுங்கி ஒரு குழந்தை இறந்த செய்தி வந்தது. கெனர் பின்வாங்கியது, விளம்பரத்தின் மேல் ஒட்டுத்தாள் ஒட்டியது. பிள்ளைகளுக்குப் போய்ச் சேர்ந்தவை ராக்கெட்டை அசையாமல் ஒட்டிய உருவங்கள். பாயும் ராக்கெட்டோடு மிஞ்சியவை தொழிற்சாலை மாதிரிகள் மட்டுமே. அவற்றில் கையால் வண்ணம் தீட்டிய ஒன்று 2024இல் அமெரிக்காவில் ஹெரிட்டேஜ் ஏலத்தில் 5,25,000 டொலருக்குப் போனது.

எனக்கு அது வேண்டாம். எனக்கு ஜாவா போதும். பதினொரு ஆண்டுகளாகத் தேடுகிறேன்.

மஞ்சள்வெயில் (பம்பலப்பிட்டி)

வணக்கம். நான் புதியவள், இங்கே எழுதலாமா என்று தெரியவில்லை. என்னிடம் இருப்பவை லபுபுக்கள், சீனாவின் பாப் மார்ட் நிறுவனம் விற்கும் பொம்மைகள். பெட்டியைப் பிரிக்கும் வரை உள்ளே எது இருக்கிறது என்று தெரியாது. இரகசிய உருவம் 72 பெட்டிகளுக்கு ஒன்று என்ற விகிதத்தில் வைக்கிறார்கள். போன ஆண்டு எனக்கு ஒரு இரகசிய உருவம் கிடைத்தது. அன்று தூங்கவில்லை.

அண்ணன்மார் பேசும் அரிய உருவங்களோடு இதைச் சேர்க்கலாமா? 2025 ஜூனில் பெய்ஜிங்கில் ஆளுயர லபுபு ஒன்று 10 லட்சத்து 80 ஆயிரம் யுவானுக்கு ஏலம் போயிற்று. அது அரியதுதானே?

மூன்றேமுக்கால்

தங்கை, தாராளமாக எழுதுங்கள். நான் கொஞ்சம் கடுமையாகப் பேசுவேன், தவறாக எடுக்க வேண்டாம்.

72க்கு ஒன்று என்பது தொழிற்சாலை முன்கூட்டியே போட்ட கணக்கு. லெகோவும் அதைச் செய்திருக்கிறது. 2013இல் பத்தாவது தொடரில் 'மிஸ்டர் கோல்ட்' என்று ஒரு பொன்னிறச் சிறு மனிதன், உலகம் முழுவதற்கும் 5,000 மட்டும். அவன் பிறக்கும்போதே அரியவன். வாங்கிய ஒவ்வொருவருக்கும் அது தெரியும், அதனால் எவரும் எறியவில்லை. இன்னும் ஐம்பது ஆண்டு போனாலும் அந்த 5,000இல் பெரும்பகுதி எங்காவது பெட்டிக்குள் பத்திரமாக இருக்கும்.

கடலோரத்தின் ஃபிளின்ட் அப்படி அல்ல. அவனைச் செய்தபோது எவரும் எண்ணிக்கை வைக்கவில்லை. அவன் குளத்தில் விழுந்தான், நாய் கடித்தது, தம்பி காலை முறித்தான், அம்மா பழைய போத்தல்காரருக்குப் போட்டார். அதையெல்லாம் தாண்டி வந்தவன். எனக்கு இந்த இரண்டாவது வகைதான் அரியது. முதல் வகைக்கு நான் வேறு பெயர் வைப்பேன்: எண்ணிக்கை குறைந்தது. அவ்வளவுதான்.

மஞ்சள்வெயில்

கோபமில்லை அண்ணா. ஆனால் முழுவதும் ஒத்துக்கொள்ளவும் முடியவில்லை. கொழும்புக் கடைகளில் இப்போது தொங்கும் லபுபுக்களில் பெரும்பாலானவை போலி. ஒரு தோழியின் மகளுக்குப் பிறந்தநாளுக்கு வந்ததை எண்ணிப் பார்த்தேன், பதினொரு பற்கள் இருந்தன. உண்மையானதற்கு ஒன்பதுதான். பிள்ளை அதைக் கட்டிப்பிடித்துக்கொண்டு தூங்குகிறது, நான் எதுவும் சொல்லவில்லை. நீங்கள் சொல்லும் இரண்டாவது வகை அங்கேதான் தொடங்குகிறது என்று நினைக்கிறேன். முப்பது ஆண்டு கழித்து அந்தப் பதினொரு பல் பொம்மையை அவள் தேடுவாள், அப்போது அது எங்கேயும் கிடைக்காது.

பழஞ்சாமான்

மஞ்சள்வெயில் சொன்னது உண்மை. துருக்கியில் உரிமம் வாங்காமல் செய்த ஸ்டார் வோர்ஸ் போலிகளை, 'உசாய்' என்று சேகரிப்பாளர்கள் அழைப்பவற்றை, இன்று பல அசல்களைவிட அதிக விலை கொடுத்து வாங்குகிறார்கள். அன்று அவை மலிவுச் சாமான். எவரும் பாதுகாக்கவில்லை.

பிரேசிலின் விலிக்ஸும் அப்படித்தான். ஸ்டார் வோர்ஸின் 'ட்ராய்ட்ஸ்' கார்ட்டூனுக்காகக் கெனர் வடிவமைத்த பொம்மை, தொடர் கைவிடப்பட்டதால் அமெரிக்காவில் வரவில்லை. அச்சு பிரேசிலுக்குப் போய், கிளாஸ்லைட் நிறுவனம் வெளியிட்டது. அதை வாங்கிய பிரேசில் பிள்ளைகளுக்கு அது சாதாரணப் பொம்மை. ஆர்ஜென்டீனாவில் பிளாஸ்டிராமா நிறுவனம் செய்த ஜி.ஐ. ஜோ உருவங்களில் சோகெர்க், மன்லே, டாப்சன் என்று சிலர் இருக்கிறார்கள். அமெரிக்கர்கள் அவர்களைப் படத்தில் மட்டுமே பார்த்து ஏங்குகிறார்கள். பெரிய கடைகளுக்குத் தூரத்தில் இருக்கும் நாடுகளில்தான் இவை பிறக்கின்றன. நாமும் அப்படியொரு நாடு, ஆனால் நம்மிடம் அச்சு வரவில்லை, இந்தியாவின் மிச்சம்தான் வந்தது. அந்த மிச்சத்தை ஒழுங்காகப் பதிவு செய்தவர் எவரும் இல்லை என்பதுதான் எனக்குத் தாங்கவில்லை.

ஸ்காபரோ வாசல் (டொரொண்டோ)

கடலோரம், என்னிடம் 1985இன் அமெரிக்க ஃபிளின்ட் இருக்கிறார். ஜன்னலோரப் பகல் வெளிச்சத்தில் வெள்ளைத் தாள் மேல் வைத்துப் படம் எடுத்து உங்களுக்குத் தனியாக அனுப்பியிருக்கிறேன். நீங்களும் அதே போல எடுங்கள். மின்குமிழ் வெளிச்சத்தில் பச்சையை ஒப்பிடக் கூடாது, மஞ்சள் கலந்துவிடும்.

அவருக்கு உரிய சாமான்கள் இரண்டு: முதுகுப்பை, வேட்டைத் துப்பாக்கி. என்னிடம் மறுவார்ப்புத் துப்பாக்கி ஒன்று, அதாவது அசலைப் பார்த்து வார்த்த நகல், மேலதிகமாக இருக்கிறது. அடுத்த மாதம் அக்கா கொழும்பு வருகிறார், கொடுத்து விடவா?

மூன்றேமுக்கால்

அண்ணா, உங்கள் மனதுக்கு நன்றி. ஆனால் மறுவார்ப்பு வேண்டாம் என்பேன். இன்று கடலோரம் அது மறுவார்ப்பு என்று அறிவார். நாளை அவர் கையிலிருந்து இன்னொருவருக்குப் போகும்போது அந்தச் செய்தி கூடப் போகாது. ஸ்டார் வோர்ஸ் சேகரிப்பில் நடந்தது அதுதான். 1978இன் முதல் தொகுதியில் லூக், பென், டார்த் வேடர் என்ற பாத்திரங்கள் மூவருக்கும் வாளுக்குள் இன்னொரு மெல்லிய வாள் நீளும். அந்த உள்வாளை இப்போது வீட்டிலேயே வார்க்கிறார்கள். தண்ணீரில் போட்டால் அசல் மிதக்கும், போலி மூழ்கும் என்று முன்பு ஒரு சோதனை சொல்வார்கள். இப்போது மிதக்கும் போலிகளும் வந்துவிட்டன.

ஸ்காபரோ வாசல்

நியாயம். ஆனால் வெறுங்கையோடு நிற்கும் ஃபிளின்ட்டைப் பார்க்க எனக்குக் கஷ்டமாக இருக்கிறது. துப்பாக்கியின் அடியில் ஊசியால் ஒரு சிறு குறி கீறி அனுப்பினால்? குறி இருந்தால் எவரையும் ஏமாற்ற முடியாது.

மூன்றேமுக்கால்

குறி இருந்தால் எனக்கு ஆட்சேபணை இல்லை. கண்ணுக்குத் தெரியும்படி கீறுங்கள்.

நட்டும் ஆணியும் (மருதானை)

ஃபிளின்ட்டின் உள்ளே இருக்கும் ரப்பர் வளையம் பற்றி எவரும் எழுதவில்லை. நான் பம்பு திருத்தும் வேலை செய்பவன், இது என் துறை.

1982இல் தொடங்கிய இந்தச் சிறிய ஜி.ஐ. ஜோ உருவங்களின் உடம்பை ஒரே ஒரு கறுப்பு ரப்பர் வளையம், ஓ-ரிங்தான் சேர்த்துப் பிடிக்கிறது. மேலே நெஞ்சுக்குள் ஒரு முளை, கீழே இரு கால்களையும் இணைக்கும் இரும்புக் கொக்கி, நடுவில் வளையம். வளையம் இழுபட்டே இருப்பதால் இடுப்பு வளைகிறது, திரும்புகிறது, உட்காருகிறது. நாற்பது ஆண்டு இழுபட்ட ரப்பர் தளரத்தான் செய்யும். கடலோரத்தின் ஃபிளின்ட்டுக்கு இன்னும் அறுந்திருக்காது, கால்கள் ஒட்டிக்கொண்டிருப்பதால் சொல்கிறேன். திறக்கும்போது அறும், பயப்பட வேண்டாம்.

பஞ்சிகாவத்தையில் வாகன உதிரிப்பாகக் கடைகளில் சில்லறை ஓ-ரிங் கிடைக்கும். பழையதைக் கையோடு கொண்டு போங்கள். அது நீண்டிருக்கும் என்பதால் அதைவிடக் கொஞ்சம் சிறியதாக மூன்று அளவுகள் வாங்குங்கள். தடிப்பு முக்கியம். தடித்த வளையம் நெஞ்சை மூட விடாது, நீங்கள் திருகாணியை இறுக்க இறுக்க முதுகு பிளந்துவிடும். மெல்லியது போட்டால் நிற்க மாட்டார்.

திருகாணி பற்றியும் சொல்ல வேண்டும். வெள்ளவத்தையில் கடற்காற்று. ஜன்னல் திறந்திருக்கும் அறையில் இரும்பு ஒரு மழைக்காலம் தாங்காது. வெளியே எடுத்ததும் பழைய திருகாணியை எறியாதீர்கள், வினாகிரியில் ஒரு இரவு ஊறவைத்துத் துருவை நீக்கி, நன்றாகக் கழுவிக் காயவைத்து, எண்ணெய் தடவி அதையே போடுங்கள். அதுவும் அவருடைய உடம்புதான்.

பழஞ்சாமான்

கொழும்பில் வைத்திருப்பவர்களுக்கு இன்னும் இரண்டு வார்த்தை. மென்மையான வினைல் தலைகளை இறுக்கமான பொலித்தீன் பையில் அடைக்காதீர்கள். வினைலை மென்மையாக வைத்திருக்கும் பொருள் காலப்போக்கில் மேலே கசிந்து பிசுபிசுப்பாகும், அடைத்த பையில் அது போக வழியில்லாமல் உருவத்தின் மேலேயே தங்கும். வெள்ளைப் பிளாஸ்டிக் மஞ்சளானால் ஹைட்ரஜன் பெரொக்சைட்டில் வெளுக்கலாம் என்று காணொளிகள் சொல்கின்றன. வெளுக்கும், ஆனால் மஞ்சள் மறுபடி வரும், பிளாஸ்டிக்கும் நொறுங்கத் தொடங்கும். நான் ஒரு உருவத்தை அப்படி இழந்தேன். அட்டையோடு வைத்திருப்பவர்கள் பூச்சியைப் பாருங்கள். அட்டையின் பசையைத்தான் அது முதலில் தின்னும்.

நெல்லிமரம் (இரத்மலானை)

நான் இந்தப் பக்கத்தை வாசிப்பேன், எழுதுவதில்லை. எனக்கு வயது ஐம்பதுக்கு மேல். பழஞ்சாமான் தம்பியின் ஜாவா பற்றி வாசித்த பிறகு எழுத வேண்டும் என்று தோன்றியது.

1983இல் நாங்கள் வெள்ளவத்தையில் இருந்தோம். மாமா கப்பலில் வேலை செய்தவர். ஒவ்வொரு முறை வரும்போதும் எனக்கும் அண்ணாவுக்கும் ஸ்டார் வோர்ஸ் உருவங்கள் கொண்டு வருவார். எங்களுக்கு அந்தப் படம் தெரியாது, பெயர்களும் தெரியாது. நாங்களே பெயர் வைத்தோம். செவ்வாடை அணிந்த காவலன் ஒருவனுக்கு 'முருகன்' என்று பெயர். ஒரு சப்பாத்துப் பெட்டி நிறைய இருந்தன, இருபதுக்குக் குறையாது.

ஜூலையில் வீடு போயிற்று. பின்மதில் வழியாக அடுத்த வீட்டுக்குத் தூக்கி விட்டார்கள், அங்கிருந்து முகாம். சில நாட்களுக்குப் பிறகு 'லங்கா கல்யாணி' கப்பலில் காங்கேசன்துறைக்குப் போனோம். அண்ணாவின் காற்சட்டைப் பையில் ஒரு உருவம் இருந்தது. பழுப்பு நிறம், குள்ளம், தலையை மூடிய அங்கி. நாங்கள் அவனை 'குட்டிச் சாமியார்' என்று அழைத்தோம். கப்பலில் இரண்டு பேரும் மாறி மாறி அவனைக் கையில் வைத்திருந்தோம். யாழ்ப்பாணத்தில் அவனை வைத்து ஐந்தாறு ஆண்டுகள் விளையாடினோம். பிறகு இடம்பெயர்வுகளில் எங்கே போனான் என்று தெரியாது. அண்ணாவும் இப்போது இல்லை.

பழஞ்சாமான் தம்பி, அவனுடைய போர்வை துணியா வினைலா என்று யோசித்துப் பார்த்தேன். துணி. அதன் ஓரத்தை அண்ணா பல்லால் கடிப்பார், நூல் பிரியும். ஆகவே நீங்கள் தேடும் ஜாவா அல்ல அவன். துணி ஜாவா உலகெங்கும் இருக்கிறது என்று எழுதியிருக்கிறீர்கள். எனக்கு ஒன்று வேண்டும். எங்கே கேட்பது?

பழஞ்சாமான்

ஐயா, உங்கள் பதிவை இரண்டு முறை வாசித்தேன். என்னிடம் துணி ஜாவா இரண்டு இருக்கின்றன. ஒன்றின் அங்கி ஓரம் கொஞ்சம் நூல் பிரிந்தது, அதனாலேயே அதை எவரும் வாங்கவில்லை. அது உங்களுக்கு. பணம் பற்றிப் பேச வேண்டாம். இரத்மலானை எனக்குப் பக்கம்தான், நானே கொண்டு வருகிறேன்.

நெல்லிமரம்

வாருங்கள் தம்பி. மாலை ஐந்துக்குப் பிறகு வீட்டில் இருப்பேன்.

பிரிக்காதவன் (கொள்ளுப்பிட்டி)

கடலோரத்துக்கு வேறு ஒரு யோசனை சொல்கிறேன், மற்றவர்களுக்குப் பிடிக்காமல் போகலாம். அது ஃபன்ஸ்கூல் என்று உறுதியானால் விற்றுவிடுங்கள். வெளிநாட்டில் விற்றால் டொலர் வரும்.

இதை ஆசையில் சொல்லவில்லை. நான் பதினைந்து ஆண்டுகள் அட்டை பிரிக்காத உருவங்களை மட்டும் சேர்த்தவன். சிலவற்றை அமெரிக்காவில் பொம்மைகளின் நிலையைப் பார்த்து மதிப்பெண் போடும் ஏ.எஃப்.ஏ. நிறுவனத்துக்கு அனுப்பி, மதிப்பெண்ணோடு அக்ரிலிக் பெட்டியில் வாங்கி வைத்திருந்தேன். 2022இல் அம்மாவுக்குத் தொடர்ந்து மருந்து தேவைப்பட்டது. மார்ச் தொடக்கத்தில் ஏறக்குறைய 200 ரூபாவாக இருந்த டொலர் மே மாதத்தில் 360 ஆயிற்று. மருந்துக் கடைகளில் அந்த மருந்து இல்லை, வெளியிலிருந்து ஒருவர் மூலமாக எடுக்க வேண்டியிருந்தது. பதினெட்டு உருவங்களை விற்றேன். அம்மா இன்றும் என்னோடு இருக்கிறார். அதில் எனக்கு ஒரு துளி வருத்தமும் இல்லை.

விற்றதை எவரும் பாவம் போலப் பேசும்போதுதான் மனம் நோகிறது. பிரிக்காமல் வைத்ததால்தான் அவை அந்த விலைக்குப் போயின. பிரித்து விளையாடியவர்கள் விளையாடட்டும், நான் வைத்த முறைக்கும் ஒரு பயன் இருந்தது.

மூன்றேமுக்கால்

பிரிக்காதவன், உங்களைக் குறை சொல்ல எவருக்கும் உரிமை இல்லை. நான் முன்பு வேறொரு இடத்தில் 'பெட்டியை வணங்குகிறவர்கள்' என்று எழுதியிருக்கிறேன். அதை நீங்கள் வாசித்திருந்தால் மன்னியுங்கள். அந்த வார்த்தையைத் திரும்பப் பெறுகிறேன்.

ஆனாலும் ஃபிளின்ட்டை விற்பது பற்றி எனக்கு உடன்பாடில்லை. அட்டையில்லாத, சாமானில்லாத, துருப்பட்ட உருவத்துக்கு வெளிநாட்டில் கிடைக்கப் போவது தபால் செலவைவிடக் கொஞ்சம் அதிகம், அவ்வளவுதான். இங்கே இருந்தால் அது ஒரு சாட்சி. கொழும்பில் ஒரு பிள்ளை இதை வைத்து விளையாடியது என்பதற்கு வேறு என்ன ஆதாரம் இருக்கிறது?

பிரிக்காதவன்

வாசித்திருந்தேன். பரவாயில்லை.

பொதியில் அனுப்புவதிலும் பெறுவதிலும் எனக்கு நடந்த ஒன்றைச் சொல்லி வைக்கிறேன். ஒருமுறை வெளிநாட்டிலிருந்து வந்த, அட்டை பிரிக்காத உருவம் ஒன்றின் பிளாஸ்டிக் மூடியை, வழியில் எங்கோ சோதித்தவர்கள் கத்தியால் நேராக வெட்டியிருந்தார்கள். உள்ளே பொம்மைதான் என்று வெளியிலிருந்தே தெரியும், இருந்தும் வெட்டினார்கள். எவரிடமும் முறையிட முடியவில்லை. அதற்குப் பிறகு விலை உயர்ந்த எதையும் தபாலில் எடுப்பதில்லை, வருகிறவர் கையில்தான். ஸ்காபரோ அண்ணா அக்காவிடம் கொடுத்து விடுவது நல்லது.

கடலோரம்

எல்லோருக்கும் நன்றி. இன்று மாலை திறந்தேன்.

எண்ணெய் வைத்து மூன்று நாள் விட்டேன். திருகாணி முதல் கால் சுற்றில் முனகியது, பிறகு இலகுவாக வந்தது. நட்டும் ஆணியும் அண்ணா சொன்னபடியே வளையம் என் கையிலேயே இரண்டாக அறுந்தது, கரிபோல உதிர்ந்தது. கொக்கி துருவில்லாமல் இருந்தது, அது எப்படி என்று எனக்கு விளங்கவில்லை. இடுப்புத் துண்டைத் தனியாக எடுத்து, வெதுவெதுப்பான சவர்க்காரத் தண்ணீரில் ஊறவைத்து, பல்குத்தும் குச்சியால் துருவை ஒவ்வோர் எழுத்தாக எடுத்தேன். ஒரு மணி நேரம் ஆயிற்று. வெளிச்சத்தைச் சாய்வாகப் பிடித்தபோது கடைசிச் சொல் தெரிந்தது: இந்தியா.

ஸ்காபரோ அண்ணாவின் படத்தோடு ஒப்பிட்டேன். பச்சை வேறுதான். அவருடையது இலைப் பச்சைக்கு அருகில், என்னுடையதில் கொஞ்சம் நீலம் கலந்தது போல இருக்கிறது. நெஞ்சுக்குள், வெயிலே காணாத உட்புறத்திலும் அதே நிறம். மூன்றேமுக்கால் அண்ணா, நீங்கள் சொன்னதுபோலப் பெருவிரல்கள் இரண்டும் முழுதாக இருக்கின்றன, ஒன்றும் திணிக்கவில்லை.

பஞ்சிகாவத்தையில் மூன்று அளவு வாங்கினேன், நடு அளவு பொருந்தியது. இப்போது என் மேசையில் நிற்கிறார். பிரிக்காதவன் அண்ணா, உங்கள் யோசனையை நான் தவறாக எடுக்கவில்லை, ஆனால் விற்கப் போவதில்லை.

இன்னொரு செய்தி. இன்று மதியம் அந்த வியாபாரியிடம் மறுபடி போனேன். அந்த டின் எந்த வீட்டிலிருந்து வந்தது என்று கேட்டேன். தெமட்டகொடைப் பக்கம் ஒரு பழைய வீடு, உடைக்கப் போகிறார்களாம். அங்கிருந்து மொத்தமாக எடுத்த சாக்குகளில் இரண்டை இன்னும் பிரிக்கவில்லை, வரும் ஞாயிறு விரிப்பாராம். தானே பொறுக்கி வைப்பதாகச் சொன்னார், ஆனால் அவருக்கு எது என்னவென்று தெரியாது. உடைந்த கால், கை, துப்பாக்கி எதுவும் வீசிவிட வேண்டாம் என்று கேட்டுக்கொண்டேன். காலை ஆறரைக்கு அங்கே நிற்பேன். யாராவது வருகிறீர்களா?

நட்டும் ஆணியும்

நான் வருகிறேன். சிறிய டார்ச்சும் காந்தத் துண்டும் கொண்டு வருகிறேன். சாக்கின் அடியில் திருகாணிகள் கிடந்தால் காந்தம் எடுத்துவிடும்.

மஞ்சள்வெயில்

எனக்கு இவற்றில் எதுவும் அடையாளம் தெரியாது. வந்து பார்க்கலாமா?

மூன்றேமுக்கால்

வாருங்கள் தங்கை. முதுகுப்பையும் துப்பாக்கியும் எப்படி இருக்கும் என்று ஸ்காபரோ அண்ணா படம் போடுவார், அதைப் பார்த்து வைத்திருங்கள். துப்பாக்கி தீக்குச்சி அளவுதான் இருக்கும். அதை உங்கள் கண்தான் முதலில் காணும், எங்களுக்கு இப்போது கண்ணாடி வேண்டியிருக்கிறது.

ஸ்காபரோ வாசல்

படம் போட்டுவிட்டேன். இரண்டு கோணங்களில், பக்கத்தில் ஒரு ரூபா நாணயம் வைத்து.